காய்ந்த உப்பிலும் எல்இடி எரிகிறது, எங்கே தப்பு?

கோனாபட்டு அம்மா:
வணக்கம். மகன் எட்டாம் வகுப்பு, திங்கள்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர், இரண்டு செம்புக் கம்பி. நான்கு டம்ளர்: உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர், காய்ந்த உப்பு. உப்புத் தண்ணீரில் மட்டும்தான் எரிய வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. இங்கே நான்கிலும் எரிகிறது! உப்புத் தண்ணீரில் பளிச்சென்று, மற்றவற்றில் மினுக் மினுக்கென்று. அதோடு உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷத்தில் வெளிச்சம் மங்கிவிடுகிறது. பையன் அழாத குறை.

தேவகோட்டை வயரிங்:
கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தானா அக்கா? ஈரக் கையாக இருந்தால் அதன் வழியாகவே லேசாக எரியும்.

கோனாபட்டு அம்மா:
இல்லை தம்பி, இரண்டு பக்கமும் கிளிப்தான். கை படவே இல்லை.

புதுவயல் பையன்:
எல்இடியை விட்டுவிட்டு வீட்டு லைனில் நாற்பது வாட் பல்பு போடுங்க. அது லேசில் எரியாது, பிரச்சினை தீர்ந்தது.

தேவகோட்டை வயரிங்:
தம்பி, அதைச் சொல்லாதே. தண்ணீர் டம்ளரும் 230 வோல்ட்டும் பிள்ளைகள் கையில் ஒன்றாக இருக்கவே கூடாது. பேட்டரியோடு நிறுத்துங்க அக்கா.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:
அம்மா, எந்தத் தண்ணீர்? எந்த உப்பு?

கோனாபட்டு அம்மா:
போர் தண்ணீர் ஐயா. உப்பு, ஆச்சியின் பீங்கான் ஜாடியில் இருந்த கல்லுப்பு. நாலு நாளாக மழை.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:
அப்போது சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது. எல்இடி மிகக் கொஞ்சம் மின்னோட்டத்துக்கே கண்ணைக் காட்டிவிடும். நம் போர் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு, மெக்னீசியம், குளோரைடு எல்லாம் கரைந்திருக்கின்றன. பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படலம் அதுதான். அந்தத் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டால், மின்சாரத்தைக் கடத்துவது தண்ணீரில் முன்பே இருந்த அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்கள். சர்க்கரை மூலக்கூறு மூலக்கூறாகவே கரையும், அயனியாகப் பிரியாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். சர்க்கரைக்கும் அதுதான், வெறும் தண்ணீருக்கும் அதுதான்.

உப்புக்கு வருவோம். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் ஜாடி கசிவது அதனால்தான். ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் பூச்சு. மின்சாரம் அந்தப் பூச்சு வழியாக ஓடுகிறது. இரும்பு வாணலியில் போட்டு வறுங்கள், முதலில் படபடவென்று பொரியும், பார்த்து. பொரிவது நின்றபின்னும் கொஞ்ச நேரம் வறுத்து, காய்ந்த பாட்டிலில் இறுக மூடி ஆறவிட்டு, சோதிக்கும்போது மட்டும் திறக்கவும்.

பையனுக்கு ஒன்று சொல்லுங்கள். காய்ந்த உப்பிலும் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வளவில் நட்ட தூண் மாதிரி இடத்தைவிட்டு அசையாமல் நிற்கின்றன. தண்ணீரில் கரைந்தால் அவிழ்ந்து நடமாடும். சோடியம் மைனஸ் கம்பியை நோக்கி, குளோரைடு பிளஸ் கம்பியை நோக்கி. செம்புக் கம்பிக்குள் ஓடுவது எலெக்ட்ரான், டம்ளருக்குள் ஓடுவது அயனி. தண்ணீர் வழியாக எலெக்ட்ரான் நீந்திப் போகிறது என்று எழுதினால் தப்பு.

புதுவயல் பையன்:
பேட்டரிதானே சார் உப்பைப் பிரிக்குது?

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:
மின்சாரத்தை ஆராய்ந்த ஃபாரடே காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். கரையும்போதே பிரிந்துவிடுகிறது என்று வாதாடியவர் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரேனியஸ். 1884-ல் அவர் கொடுத்த ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகத்தில் மிகக் குறைந்த மதிப்பீடுதான் கிடைத்தது. 1903-ல் நோபல் பரிசு.

புதுவயல் பையன்:
கரைக்காமல் உருக்கினால்?

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:
நன்றாகக் கடத்தும். ஆனால் 801 டிகிரி வேண்டும், ஆச்சி வாணலி தாங்காது.

தேவகோட்டை வயரிங்:
மங்குவதற்கு முதலில் பேட்டரியைப் பாருங்க, 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அப்புறம் பிளஸ்ஸில் இருக்கும் கம்பி பச்சையாகி, தண்ணீர் கலங்குதா?

கோனாபட்டு அம்மா:
ஆமாம்! மற்ற கம்பியில் குமிழ் வருகிறது.

தேவகோட்டை வயரிங்:
பிளஸ் பக்கம் செம்பே கரைந்து படலம் கட்டுகிறது. குமிழ் ஹைட்ரஜன். செம்புக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பென்சில் ஊசி, அதாவது உள்ளே இருக்கும் கரிக்குச்சி, போடுங்க. ஆனால் அப்போது குளோரின் வரும், பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு நிமிஷத்தில் கழற்றிவிடுங்க.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்:
அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் திறந்தது இந்த மின்வேதியியலுக்காகத்தான். அதையும் அட்டையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், இடம் இருந்தால்.

கோனாபட்டு அம்மா:
ஞாயிறு இரவு எழுதுகிறேன். வறுத்த உப்பில் எரியவே இல்லை! விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தான், உடனே மினுக்கியது. பதினைந்து தடவை செய்துவிட்டான். டிஸ்டில்டு வாட்டர் சர்க்கரையும் இருட்டு. வறுத்த உப்பு வீணாகக் கூடாது என்று ஆச்சி திருப்பிக் கேட்கிறார்கள். செம்புக் கம்பி பட்டது, தரமாட்டேன் என்று ஒளித்து வைத்திருக்கிறேன்.