முயல் சீக்கத்தின் நுனியில் தடித்த வெள்ளைக் குழாய்: நோயா, இயல்பா?

கால்நடை மாணவன்:
ஆறு வாரக் குட்டியின் பிரேதப் பரிசோதனை. சீக்கம் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை) முடியும் இடத்தில் வெளிறிய, தடித்த குழாய் ஒன்று. வெளிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியான வெண்புள்ளிகள். வீக்கமா? திசு எடுப்பதானால் எப்படி எடுக்க வேண்டும்?

நோய்க்கூறு மேசை:
அது குடல்வால். முயலுக்குத் தடித்துத்தான் இருக்கும். வளர்ந்த முயலில் நீளமே ஏறத்தாழ 13 செ.மீ. வரும். சீக்கத்தின் சுவர் மெல்லியது, உள்ளே சுருள் மடிப்பு ஓடும். அந்த மடிப்பு நின்று சுவர் தடிக்கும் இடம்தான் குடல்வாலின் தொடக்கம். குறுக்கே வெட்டினால் முக்கால்வாசி சுவர்தான், நடுவில் குறுகிய துளை. புள்ளிகள் எல்லாம் நிணநீர் முடிச்சுகள்.

சிறுகுடல் சீக்கத்தோடு சேரும் இடத்தில் உருண்டையாகப் புடைத்திருப்பதையும் (சாக்குலஸ் ரொட்டண்டஸ்) கட்டி என்று எழுதிவிடாதீர்கள். அதுவும் நிணநீர்த் திசுவே.

சந்தேகப்பட வேண்டியது யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்ற பாக்டீரியா. அதற்குப் பிடித்த இடமே இவை இரண்டும்தான். இயல்பான புள்ளிகள் சீராகப் பரவி, ஒரே அளவில் இருக்கும். யெர்சினியா முடிச்சுகள் ஒழுங்கில்லாமல் புடைத்திருக்கும். கீறினால் பாலாடைக்கட்டி போன்ற சீழ் வரும். மண்ணீரலையும் குடல்தாங்கி நிணநீர்க் கணுக்களையும் பாருங்கள், அங்கேயும் முடிச்சு இருந்தால் சந்தேகம் வலுக்கும். மனிதருக்கும் தொற்றும், கையுறை கட்டாயம். கல்ச்சருக்கான (பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பதற்கான) துண்டை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலைத் திறக்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

பி செல் பித்தன்:
ஆறு வாரம் என்றால் குடல்வால் மும்முரமாக வேலை செய்யும் வயது. எலியிலும் மனிதரிலும் எலும்பு மஜ்ஜையில் பி செல்கள் (எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுக்கள்) வாழ்நாள் முழுதும் உருவாகின்றன. முயலில் அது இளமையிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். போதாததற்கு, எதிர்ப்பொருளை அமைக்கப் பெரும்பாலான பி செல்கள் விஎச்1 என்ற ஒரே மரபணுவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அப்படியே விட்டால் எதிர்ப்பொருள்களில் வகையே இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்கும் இடம் குடல்வாலும் மற்றக் குடல் நிணநீர்த் திசுக்களும். ஏறக்குறைய 4 முதல் 8 வாரத்துக்குள், ஜீன் கன்வர்ஷன் (பக்கத்து மரபணுவின் துண்டை நகலெடுத்துச் சேர்ப்பது), சொமாட்டிக் ஹைப்பர்மியூட்டேஷன் (எதிர்ப்பொருள் மரபணுவில் விரைவாகச் சிறு மாற்றங்கள் வருவது) இரண்டாலும் அங்கே வகைகள் பெருகுகின்றன. கோழியில் ஃபேப்ரீஷியஸ் பர்ஸா (குடலின் கடைசியில் உள்ள நிணநீர்ப் பை) செய்யும் வேலைக்கு நெருக்கமானது.

ஆனால் குடல் பாக்டீரியா இல்லாமல் இது நடக்காது. பிறந்தவுடன் குடல்வாலைக் கட்டி பாக்டீரியா உள்ளே போகாமல் தடுத்தால் முடிச்சுகள் வளர்வதில்லை. எந்த பாக்டீரியாவும் போதும் என்றும் இல்லை: பேசில்லஸ் சப்டிலிஸும் பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸும் சேர்ந்து கொடுத்தபோது வளர்ந்தது, தனித்தனியாகக் கொடுத்தபோது வளரவில்லை.

திசுக்கூறு:
குடல் சுவர் சீக்கிரம் அழுகும், இறந்த அரைமணிக்குள் எடுக்கப் பாருங்கள். நுனி, நடு, அடி மூன்றிலும் 3–5 மி.மீ. வளையங்களாகக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இருப்பதை உப்புக் கரைசலால் மெல்லக் கழுவினால் போதும், சுரண்டினால் முடிச்சின் மேலுள்ள கவிகைப் படலம் போய்விடும். குடலில் உள்ளதை முடிச்சுக்குள் கடத்தும் எம் செல்கள் இருப்பதே அதில்தான். திசுவின் அளவைப் போல 10 மடங்கு 10% நடுநிலை ஃபார்மலின், 24–48 மணி நேரம்.

பாரஃபினில் (மெழுகில்) பதிக்கும்போது வளையத்தைப் படுக்கவைத்துப் பதியுங்கள். சாய்ந்துவிட்டால் கவிகையும் ஜெர்மினல் சென்டரும் (முடிச்சின் நடுவே பி செல்கள் பெருகும் இடம்) ஒரே வெட்டில் வராது, முடிச்சு வெறும் நீல வட்டமாகத் தெரியும்.

கால்நடை மாணவன்:
கீறிப் பார்த்தேன், சீழ் இல்லை. ஆனால் மண்ணீரல் மிகச் சிறியதாக இருக்கிறது, அது?

நோய்க்கூறு மேசை:
முயலுக்கு அது அவ்வளவுதான். உடலின் நிணநீர்த் திசுவில் பாதிக்கு மேல் குடலில் இருக்கிறது. பெரிதாக இருந்திருந்தால்தான் கேட்டிருக்க வேண்டும்.