பிரகியா, பிரஹியா?

மழைக்காகம்:
கனடாவுல, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் காசல்கார் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல நைட் ஷிஃப்ட் பார்த்தப்ப நடந்தது. டூகோபோர் பாட்டி, அதாவது ருஷ்யாவிலேர்ந்து கனடாவுக்குக் குடியேறின ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தோட வம்சம், தொண்ணூறு தாண்டினவங்க. மறதி நோய் முத்தி இங்கிலீஷ் மொத்தமா போயிடுச்சு, மிஞ்சினது வீட்டு ருஷ்யன்தான். மாஸ்கோ பையன் ஒருத்தன் புதுசா வேலைக்குச் சேர்ந்தான். பேச்சுத்துணை ஆச்சேன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். பாட்டி "பிரஹி" கேட்டாங்க, உள்ள பூரணம் வச்சுச் சுடற பலகாரம், நம்ம 'மகன்'ல வர்ற க மாதிரி தொண்டையில உரசி. அவன் சிரிச்சுக்கிட்டே "பிரகி"ன்னு கி-யை 'அங்கி'ல வர்ற கி மாதிரி அழுத்தித் திருத்தினான். கெட்ட எண்ணம் இல்ல. பாட்டி போர்வை நுனியை விரல்ல சுத்திக்கிட்டே சுவர்ப்பக்கம் திரும்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கூட்டிட்டுப் போனது நான்தானே.

நிலாச்சோறு:
அதே மாகாணத்துல கிராண்ட் ஃபோர்க்ஸ்ல டூகோபோர்களோட ஒரு ஞாயிறு தொழுகைக்குப் போனேன். மேசையில ரொட்டி, உப்பு, தண்ணி. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க எதிர்ப்பக்கம். ஏட்டுல எழுதாம நெஞ்சுலயே வச்சிருந்த 'உயிர்ப் புத்தகம்'னு பெருமையாச் சொல்வாங்களே, அந்தச் சங்கீதம்தான். பக்கத்துல நின்ன பொண்ணு கையில தாள். ருஷ்யன் வரிகள், ஆங்கில எழுத்துல. மூச்சு விடற இடத்துக்கெல்லாம் பென்சில் கோடு. அர்த்தம் கேட்டேன். "பாபாவுக்குத் தெரிஞ்சிருக்கும்"னா. பாபான்னா அவங்க பாட்டி.

தேங்காய்த்துருவல்:
மழைக்காகம், பையன் மேல பழி போடாதீங்க. 1953லேர்ந்து 59 வரை 'சுதந்திரப் புதல்வர்'னு டூகோபோர்லயே ஒரு தீவிரப் பிரிவு, அரசுப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம்னவங்க; அவங்க பிள்ளைங்களைப் பிடிச்சு இந்த மாகாணத்து நியூ டென்வர்ல அடைச்சு வச்சாங்க. பெத்தவங்க கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் நின்னுதான் பார்க்கணும். மாகாண அரசு மன்னிப்புக் கேட்டதே 2024லதான். மொழி எப்படி நிக்கும்? என் அனுபவம்: ஒரு தாத்தாகிட்ட ருஷ்யன்ல வணக்கம் சொன்னேன், இங்கிலீஷ்ல பதில் வந்துச்சு. அவ்வளவுதான். வீட்ல பெரியவங்க இருந்தா உடனே ஃபோன்ல பதிவு பண்ணுங்க. பாட்டு வேணாம், அது நிறையக் கிடைக்கும். பூண்டு பிடுங்கறப்ப பேசறது, பேரனைத் திட்டறது, மாவு பிசையறப்ப முணுமுணுக்கறது, இதெல்லாம்தான் வேணும். ஃபோனை மேசை மேல வைக்காதீங்க, தட்டுச் சத்தம்தான் கேக்கும்.

மழைக்காகம்:
நான் எங்க பழி போட்டேன்? நியூ டென்வர்ல இருந்தது ஒரு பிரிவுப் பிள்ளைங்க. இந்தப் பாட்டி குடும்பம் அதுல சேராது. 1899ல வந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வம்சத்துக்கும் ஒரே காரணமா? பதிவு பண்ணப் பாட்டியும் இப்ப இல்ல.

நிலாச்சோறு:
அந்தப் பிரஹிக்குள்ள என்ன வைப்பாங்க?

மழைக்காகம்:
முட்டைக்கோஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு. மாமிசம் தொடமாட்டாங்க. கடைப் பலகையில இன்னும் ஹி போட்டுத்தான் எழுதியிருக்கு.