ரங்கூன் நடப்பு வட்டிப் பட்டியல் தேவை

வணக்கம். யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) எழுதுகிறேன். பர்மாவின் பியாப்பொன் ஊரில் இயங்கிய ஒரு செட்டியார் வட்டிக்கடையின் பேரேடு எங்கள் வீட்டில் இருக்கிறது. சுக்கில, பிரமோதூத வருடங்களுக்கு உரியது, அதாவது 1929 முதல் 1931 வரை, நெல் விலை சரிந்த காலம். வரவு பற்றுகளில் வட்டி விகிதம் எழுதப்படவில்லை, ‘நடப்புப்படி’ என்றே உள்ளது. வட்டித் தொகை எழுதிய ஓரத்தையோ நீர்க்கறை தின்றுவிட்டது.

ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி அந்த நடப்பு வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள் என்பதும், பர்மா நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கம் வங்கி விசாரணைக் குழுவிடம் சாட்சியம் அளித்தது என்பதும் தெரியும். 1930இல் வெளியான அக்குழுவின் அறிக்கையில் நான் படித்த பகுதிகளில் விளக்கம்தான் உண்டு, மாதவாரிக் கணக்கு தென்படவில்லை. இங்குள்ள பெரியவர்களிடம் விசாரித்தேன். காரைக்குடியில் உள்ள உறவினர்கள் வழியாகவும் தேடினேன். 1942இல் போருக்குத் தப்பி நடந்து ஊர் திரும்பியவர்கள் ஏடுகளையா சுமந்திருப்பார்கள்!

அவ்விரு வருடங்களின் ரங்கூன் நடப்பு வட்டி மாதவாரியாகக் குறிக்கப்பட்ட ஏடோ, சுற்றறிக்கையோ, பத்திரிகைப் பக்கமோ யாரிடம், எங்கே பார்க்கக் கிடைக்கும்?