ஒலிவா கடற்கரையருகே ஒரு விடுமுறை வீடு: முற்பணம் கட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

குரொய்டன்வாசி எழுதியது:

வணக்கம். ஸ்பெயினின் வலென்சியா மாநிலத்தில், ஒலிவா நகரின் கடற்கரைப் பக்கம் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டை நானும் கணவரும் அண்மையில் பார்த்துவிட்டு வந்தோம். 2019-இல் கட்டப்பட்ட இரண்டு மாடி வீடு. மூன்று படுக்கையறைகள், 118 சதுர மீற்றர், வெயில் காய்வதற்கு வசதியான மொட்டைமாடி, பன்னிரண்டு வீடுகளுக்குப் பொதுவான நீச்சல் தடாகம், நிலத்தடியில் வாகனத் தரிப்பிடம் என்று எல்லாமே புதுமெருகு குலையாமல் இருக்கின்றன. வாசலிலிருந்து மணல் தொடங்கும் இடம்வரை கைப்பேசி 280 மீற்றர் காட்டியது. உரிமையாளர்கள் நெதர்லாந்தில் வசிக்கும் ஒரு தம்பதியர்; அவர்கள் கேட்கும் விலை 385,000 யூரோ.

விற்பனை முகவர், கோடையில் வாரக்கணக்கில் வாடகைக்கு விட்டால் வருடச் செலவு முழுவதும் அதிலேயே வந்துவிடும் என்கிறார். இரண்டு வாரத்துக்குள் 10 வீதம் முற்பணம் கட்டும்படியும் கேட்கிறார். நாங்கள் இருவரும் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவர்கள். பிள்ளைகள் பாடசாலை செல்கிறார்கள். மாமாவும் மாமியும் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே தங்க ஆசைப்படுகிறார்கள். இந்தப் பக்கம் வீடு வாங்கிய அனுபவமுள்ளவர்கள், முற்பணம் கட்டுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கூறினால் பெரும் உதவியாக இருக்கும்.

பேர்ன்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. ஒலிவாவுக்குத் தெற்கே, டெனியாவில் எங்களுக்குப் பதினொரு ஆண்டுகளாக ஒரு சிறு வீடு இருக்கிறது. வீட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், அது நிற்கும் நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகையால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒலிவாவிலிருந்து டெனியாவை நோக்கிச் செல்லும் கரையோரத்தில், மணல்திட்டுக்குப் பின்னால் பேகோ ஒலிவா என்னும் பெரிய சதுப்புநிலம் இருக்கிறது. அது இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்ட இடம். பேகோ பக்கத்தில் இன்றும் நெல் விளைகிறது. கடலுக்கும் அந்தச் சதுப்புக்கும் இடையே உள்ள ஒடுங்கிய, தாழ்ந்த தரையில்தான் இந்தப் புதிய குடியிருப்புகளில் பல கட்டப்பட்டுள்ளன. செப்ரெம்பர் முதல் நவம்பர் வரை, ஏறத்தாழ நம் ஊரின் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஒத்த காலத்தில், சூடேறிய கடலுக்கு மேலே குளிர்ந்த காற்று வந்து நிற்கும்போது அங்கே மழை கொட்டித் தீர்க்கும். 1987 நவம்பர் 3 அன்று ஒலிவாவில் ஒரே நாளில் 817 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. 2024 ஒக்ரோபர் 29 அன்று வலென்சியா நகரை அடுத்த ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளமும் இதே வகை மழையால் வந்ததுதான். அன்று நிலத்தடி வாகனத் தரிப்பிடங்களிலும் உயிர்கள் போயின.

எனவே அழகான மொட்டைமாடியை விட உங்கள் நிலத்தடித் தரிப்பிடமே என் கண்ணை உறுத்துகிறது. மாநில அரசின் வெள்ள ஆபத்து வரைபடம், பத்ரிக்கோவா என்பது அதன் பெயர், இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. வீட்டின் காணி இலக்கத்தை வாங்கி அதில் வைத்துப் பாருங்கள். கீழே நீரிறைக்கும் பம்பி இருக்கிறதா, மின்சாரம் நின்றால் அது இயங்குமா, சுவரில் எந்த உயரம்வரை உப்புப் பூத்திருக்கிறது என்பதை நேரில் சென்று பாருங்கள். புதுச் சாயம் பூசிய சுவராக இருந்தால் ஏன் பூசினார்கள் என்றும் கேளுங்கள்.

காப்புறுதி குறித்து ஒரு நல்ல செய்தி உண்டு. ஸ்பெயினில் சாதாரண வீட்டுக் காப்புறுதி ஒன்று இருந்தாலே, பெருவெள்ளத்தாலும் கடற்கொந்தளிப்பாலும் வரும் சேதத்துக்குக் கொன்சோர்சியோ என்னும் அரச நிறுவனம் ஈடு தரும். ஆனால் சேதம் நேர்வதற்குக் குறைந்தது ஏழு நாள்களுக்கு முன்பே காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஆகவே உறுதிப் பத்திரம் முடிக்கும் நாளிலேயே அது உங்கள் பெயரில் தொடங்கட்டும்.

280 மீற்றர் தூரம் ஒரு வகையில் உங்களுக்குச் சாதகம். 1988-ஆம் ஆண்டின் கரையோரச் சட்டப்படி, பொதுச் சொத்தாக வரையறுத்த கரையெல்லைக்கு உள்ளே அகப்பட்ட வீடுகளுக்கு உரிமை போய் அனுபவிக்கும் அனுமதி மட்டுமே மிஞ்சும். எல்லைக்கு வெளியே 100 மீற்றர் வரையும், ஏற்கெனவே நகரமாக இருந்த இடங்களில் 20 மீற்றர் வரையும் கட்டுப்பாடுகள் கடுமையானவை. டெனியாவின் வடக்கே தெவேசெஸ் கடற்கரையில் மணல் அரித்துப்போய், முதல் வரிசை வீடுகளின் வேலியை அலை தொடுகிறது. கடலை மறைக்கும் வீடு முன்னால் இருப்பது குறையன்று என்று அங்கே ஒரு தடவை நின்று பார்த்தவர் சொல்லுவார்.

உறுதிக்காரன் எழுதியது:

வலென்சியாவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பேர்ன்வாசி அண்ணா நிலத்தைச் சொல்லிவிட்டார்; நான் காகிதங்களைச் சொல்கிறேன்.

முகவர் வேறு, உங்கள் சட்டத்தரணி வேறாக இருக்க வேண்டும். முகவர் பரிந்துரைத்தவரையே அமர்த்துவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நொத்தாரிசு இருக்கிறாரே என்று நினைக்க வேண்டாம்; அவர் உறுதியைச் சட்டப்படி முடித்து வைப்பவர், உங்கள் பக்கத்துச் சட்டத்தரணி அல்லர். முதல் வேலையாக, சொத்துப் பதிவகத்திலிருந்து நோத்தா சிம்ப்ளே என்னும் பதிவுச் சுருக்கத்தை எடுங்கள். உரிமையாளர் யார், வங்கிக் கடனுக்கு வீடு ஈடாக உள்ளதா, பதிவில் உள்ள பரப்பளவு எவ்வளவு என்பது அதில் தெரியும். அதில் தெரியாதது ஒன்றும் உண்டு. பொதுப் பராமரிப்புக் கட்டணத்தை விற்பவர் கட்டாமல் விட்டிருந்தால், விற்கும் ஆண்டுக்கும் அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய நிலுவைக்கு வீடு பொறுப்பாகும், அதாவது நீங்கள் கட்ட நேரும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் நிலுவையில்லைச் சான்றும், கடைசி இரண்டு கூட்டங்களின் அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். தரிப்பிடத்தில் தண்ணீர் புகுந்ததா என்ற கேள்விக்கு, முகவரின் வாயிலிருந்து வராத பதில் அந்த அறிக்கைகளில் இருக்கும்.

முற்பண ஒப்பந்தம் வழமையாகக் குடியியல் சட்டத்தின் 1454-ஆம் பிரிவின்படி எழுதப்படும். நீங்கள் பின்வாங்கினால் முற்பணம் போகும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 38,500 யூரோவை இழக்கும் நிலையில் உங்களை நிறுத்துமுன், வெளிநாட்டவருக்கான அடையாள இலக்கம் கையிலிருக்க வேண்டும். வங்கிக் கடன் எடுப்பதாயின், கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வாசகத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரிக்கு வருவோம். பழைய வீட்டை வாங்குபவர் வலென்சியா மாநிலத்தில் கட்டும் கைமாற்று வரி நீண்ட காலமாக 10 வீதம். 2025-இல் இயற்றிய சட்டத்தின்படி 2026 ஜூன் 1 முதல் அது 9 வீதம். உங்கள் விலைக்கு 3,850 யூரோ வித்தியாசம் வருவதால் உறுதி முடிக்கும் நாளைக் கவனியுங்கள். விற்பவர்கள் ஸ்பெயினில் வசிக்காதவர்கள் என்பதால், விலையில் 3 வீதத்தை, அதாவது 11,550 யூரோவை, நீங்களே பிடித்துவைத்து ஒரு மாதத்துக்குள் வரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். இதை மறந்தால் அந்தத் தொகையை உங்களிடமிருந்தே கேட்பார்கள்.

வாங்கிய பிறகு ஆண்டுதோறும் நகரசபைக்குச் சோலைவரி உண்டு. அதற்கு மேலாக, வாடகைக்கு விடாத வீட்டுக்கும் ஒரு வருமானம் இருப்பதாகக் கருதி வரி கேட்பார்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அரச மதிப்பின், அதாவது வரிக்காக அரசு வீட்டுக்குக் குறித்திருக்கும் மதிப்பின், 1.1 வீதம் அல்லது 2 வீதம் வருமானமாகக் கொள்ளப்படும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு அதில் 19 வீதமும், பிரித்தானியாவில் வசிக்கும் உங்களுக்கு 24 வீதமும் வரி. அரச மதிப்பு 140,000 யூரோ என்று வைத்துக்கொண்டால், 1.1 வீதத்தின்படி வரி 370 யூரோவளவு ஆகும். வீடு இருவர் பெயரில் இருந்தால் இருவரும் தனித்தனியே அறிக்கை கொடுக்க வேண்டும்.

குரொய்டன்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. விளம்பரத்தில் "சுற்றுலா வாடகைக்கு ஏற்றது" என்றுதான் இருக்கிறது; அனுமதி இருக்கிறது என்று எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். மாமா, மாமி தங்குவதற்கு முதலீட்டு விசா கிடைக்கும் என்று இங்கே ஒரு நண்பர் கூறினார். அது சரியா?

விற்றுவிட்டவள் எழுதியது:

அந்த விசா 2025 ஏப்ரல் 3 அன்றோடு நின்றுவிட்டது. அது இருந்த காலத்திலும் 500,000 யூரோவுக்குக் குறைந்த வீட்டுக்குக் கிடையாது. பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் எந்த 180 நாள்களுக்குள்ளும் 90 நாள்கள்தான் தங்கலாம். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதால் ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்காது. உங்கள் பாடசாலை விடுமுறைகளுக்கு அது தாராளம். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் 151 நாள்கள். உழைக்காமல் தங்குவோருக்கான விசாவை அவர்கள் தனியாகப் பெற வேண்டும், அதற்கு வருமானச் சான்றும் மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். இன்னொன்று: அந்த வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை. ஜனவரியில் ஓட்டுத்தரை பாதத்தைக் கடிக்கும், அயலில் ஒரு விளக்கும் எரியாது. வயதானவர்களை முதலில் ஒரு மாதம் வாடகை வீட்டில் இருத்திப் பாருங்கள்.

வாடகைக் கதையை நம்பித்தான் நான் தெற்கே ஒரு வீட்டை வாங்கினேன், ஆறு ஆண்டில் விற்றேன். சாவி கொடுக்க ஒருவர், துப்புரவுக்கு ஒருவர், குளிரூட்டி பழுதானால் நள்ளிரவில் எனக்கு அழைப்பு. நல்ல வாரங்கள் எல்லாம் வாடகைக்காரருக்குப் போய், எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சியது மழைக்கால வாரம்.

உறுதிக்காரன் எழுதியது:

வாடகையைப் பற்றி அக்கா சொன்னதோடு அனுமதியைப் பற்றியும் சேர்க்கிறேன். இங்கே பத்து நாள் வரையான வாடகை சுற்றுலா வாடகை ஆகும். அதற்கு நகரசபையின் இசைவுச் சான்றும் மாநிலப் பதிவும் வேண்டும். 2024 ஆகஸ்ட் ஆணைக்குப் பின் பதிவு ஐந்தாண்டுக்கே செல்லும். மேலும் 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகத் தொடங்குபவருக்கு அயலவர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் சம்மதம் தேவை. பன்னிரண்டு வீடுகள் என்றால் எட்டு வீட்டுக்காரரேனும் கையை உயர்த்த வேண்டும்.

குரொய்டன்வாசி எழுதியது:

பதிவுச் சுருக்கம் இன்று வந்தது. வீட்டின் மேல் வங்கி ஈடு ஒன்று இருக்கிறது. தரிப்பிடம் வீட்டோடு சேராமல் தனி இலக்கத்தில் பதிவாகியிருக்கிறது. முகவர் அனுப்பிய முற்பண ஒப்பந்த வரைவில் அந்த இலக்கமே இல்லை. வெள்ள வரைபடத்தில் எங்கள் தெரு நிறமிட்ட பகுதிக்குள் விழுகிறது. வேறொருவரும் வீட்டைக் கேட்கிறார் என்று முகவர் நேற்றிலிருந்து இரண்டு தடவை எழுதிவிட்டார். சங்கக் கூட்ட அறிக்கைகள் கைக்கு வரும்வரை ஒரு சதமும் அனுப்புவதில்லை என்று பதில் எழுதியிருக்கிறோம்.