ககன்யானுக்கு 20,193 கோடி: மனிதர் போய்த்தான் ஆக வேண்டுமா?

கரிசல்காட்டான்:
ஆளில்லாமல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். இந்தியரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு, விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மொத்தத் தொகை 20,193 கோடி. முப்பது சந்திரயான்களுக்கான பணம் இது! வெள்ளிக் கோள், சனியின் நிலவான டைட்டன், யுரேனஸ் என்று போவதை விட்டுவிட்டு, 1961இல் முதல் மனிதராக விண்வெளிக்குப் போன ககாரின் செய்ததை இப்போது நாமும் செய்து காட்டுவதால் அறிவியலுக்கு என்ன கிடைத்துவிடும்?

பவானி:
நிலவிலிருந்து அமெரிக்காவின் அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அதே காலத்தில் ஆளில்லாமல் போன மூன்று சோவியத் லூனா கலங்கள் கொண்டுவந்தது, எல்லாம் சேர்த்து அரைக் கிலோகூட இல்லை. எடையை விடுங்கள். 1972 டிசம்பரில் ஹாரிசன் ஷ்மிட் என்ற நிலவியலாளர் ஷார்ட்டி பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது, காலடியில் ஆரஞ்சு நிற மண் தென்பட்டது. உடனே அங்கேயே தோண்டி அள்ளிக்கொண்டார். பழைய எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள் அவை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அவற்றுக்குள் நீரின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கரிசல்காட்டான்:
எழுபதுகளின் இயந்திரங்களை வைத்து இன்றைய இயந்திரங்களை எடைபோடாதீர்கள். 2024இல் சீனாவின் சாங்கி-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1.9 கிலோ மண்ணை அள்ளி வந்தது. மனிதர் ஒருவரும் கால் வைக்காத இடம் அது.

பவானி:
சரி, இன்றைய இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். செவ்வாயில் நாசாவின் ஆளில்லா இன்சைட் கலம் வைத்திருந்த வெப்பமானி 5 மீட்டர் ஆழம் இறங்க வேண்டியது. மண் பிடிகொடுக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போராடிவிட்டு 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். அப்பல்லோ 15இலும் துளைக்குழாய் மண்ணில் சிக்கிக்கொண்டது. வீரர்கள் ஸ்காட்டும் இர்வினும் தோள் கொடுத்துப் பிடுங்கி எடுத்தார்கள்.

தென்பொதிகை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பவானி அம்மா, நீங்கள் சொன்ன சான்றுகள் அத்தனையும் நிலவையும் செவ்வாயையும் பற்றியவை. ககன்யான் போகப்போவது 400 கிலோமீட்டர் உயரத்துக்கு, அதுவும் மூன்று நாள். அங்கே ஆரஞ்சு மண் ஏது? தவிர, நிலவில் நடந்த பன்னிரண்டு பேரில் நிலவியலாளர் ஷ்மிட் ஒருவர்தான். சோவியத்தை முந்தத்தான் போனார்கள். கல் பொறுக்கியது கூடுதல் வேலை.

பவானி:
400 கிலோமீட்டரைத் தாண்டாமல் நிலவுக்குப் போக வழியிருந்தால் சொல்லுங்கள். 2040இல் இந்தியர் நிலவில் இறங்க வேண்டும் என்பது அரசு அறிவித்த இலக்கு. அதன் முதல் படிதான் ககன்யான். கரிசல்காட்டான் ஐயா வெள்ளியைப் பற்றிக் கவலைப்பட்டார். அதே நாளில் அதே அமைச்சரவை வெள்ளிப் பயணத்துக்கு 1,236 கோடியும், நிலவு மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4க்கு 2,104 கோடியும் ஒதுக்கியது. யார் எதைத் தடுத்தார்கள்?

கரிசல்காட்டான்:
என் வாதத்துக்கு வேண்டிய கணக்கை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த இரண்டும் சேர்ந்து 3,340 கோடி. ககன்யானில் ஆறில் ஒரு பங்கு!

பவானி:
அப்பல்லோ 17 மட்டுமே 110 கிலோ கொண்டுவந்தது. சந்திரயான்-4 கொண்டுவரப்போவது சில கிலோ. அந்தக் கணக்கையும் போடுங்களேன்.

கரிசல்காட்டான்:
போடுகிறேன். அப்பல்லோ திட்டம் முழுவதற்கும் அன்றைய மதிப்பிலேயே 2,500 கோடி டாலருக்கு மேல் ஆனது. கிலோவுக்கு எவ்வளவு என்று நீங்கள் வகுத்துச் சொல்லுங்கள்.