மாமியாருக்காக விடுப்பு கேட்டேன், மறுத்துவிட்டார்கள்

டாலஸ் மருமகள்:
திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியாருக்கு அடுத்த மாதக் கடைசியில் பைபாஸ் அறுவை சிகிச்சை. உடனிருந்து கவனிக்க, சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். அமெரிக்கக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தில் மாமியார் வரமாட்டாராம். கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு எச்1பி என்ற வேலை விசா என்பதால் தட்டிக்கழிக்கிறார்களோ?

நெல்லைக்காரன்:
விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாடு முழுவதற்குமான அந்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர் இவர்களோடு நின்றுவிடுகிறது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாநிலச் சட்டங்களில் மாமனார், மாமியாரும் உண்டு. உங்கள் டாலஸ் இருக்கும் டெக்சாஸில் தனியார் ஊழியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முன்னாள் எச்.ஆர்.:
அது இருக்கட்டும். உங்கள் கணவர் எங்கே? அவருக்குப் பெற்ற தாய் அல்லவா?

டாலஸ் மருமகள்:
அவர் வேறு நிறுவனம், அவருக்கும் எச்1பிதான். வேலை நெருக்கடியாம். ‘நீ போனால்தான் அம்மாவுக்கு வசதி’ என்கிறார்.

முன்னாள் எச்.ஆர்.:
நம் வீடுகளில் பணிவிடை என்றால் மருமகள். இந்தச் சட்டமோ மகனைத்தான் கூப்பிடுகிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை!

உங்கள் கணவர் தன் நிறுவனத்தில் சேர்ந்து 12 மாதம் ஆகி, கடந்த ஓராண்டில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். சுற்றி 75 மைலுக்குள் நிறுவனத்துக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். இவை இருந்தால் ஆண்டுக்கு 12 வாரம் அவருடைய உரிமை. திரும்பி வந்ததும் அதே வேலையையோ அதற்குச் சமமானதையோ தந்தாக வேண்டும். முன்பே தெரிந்த சிகிச்சைக்கு 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், ஆகவே இந்த வாரமே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று கேட்பார்கள். சாதாரணமாக 15 நாள் அவகாசம். திருநெல்வேலி மருத்துவர் தருவது செல்லும்.

பலர் கோட்டைவிடுவது காப்பீட்டில்தான். மருத்துவக் காப்பீடு தொடரும், ஆனால் சம்பளம் வராத மாதத்திலும் அவருடைய பங்குத் தொகையைக் கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது என்று புறப்படும் முன்பே கேட்கட்டும். சேர்த்துவைத்த சம்பள விடுப்பை இதிலேயே கழிக்கவும் நிறுவனம் சொல்லலாம். விடுப்பு அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். சம்பளம் வராத மாதங்களுக்கு விசா நேர்காணலில் விளக்கம் கேட்டால் உதவும்.

டாலஸ் மருமகள்:
இதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். படிவம் கேட்டிருக்கிறார். என் சம்பள விடுப்பில் கடைசி இரண்டு வாரம் நானும் போகிறேன். மகன் வருகிறான் என்று தெரிந்தால் மாமியார் தையல் பிரிக்கும் முன்பே சமையலறைக்குப் போய்விடுவார், அதைத் தடுக்க ஆள் வேண்டுமே.