பெரிவார்மே சிவப்பு விளக்கு எரியுது, வீட்டுக்குள்ள 15 டிகிரி. அவசர உதவி வேணும்

புதுசா_உப்சாலா
வணக்கம். உப்சாலா பக்கம் குடிவந்து மூணு மாசம் ஆகுது. வீட்டுக்கு பெரிவார்மேதான், பூமிக்கடியிலிருந்து சூடு எடுக்கிற ஹீட் பம்ப். நேத்து ராத்திரியிலிருந்து உள்ளே 15 டிகிரி, வெளியே மைனஸ் 16. மெஷினில் சிவப்பு விளக்கு. திரையில் ஸ்வீடிஷில் ஏதோ வருது, புரியலை. கைக்குழந்தை இருக்கு. சர்வீஸ் ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம். என்ன செய்யணும்? ப்ளீஸ்.

மால்மோ_மணி
வாடகை வீடுன்னா நீங்க எதையும் தொடாதீங்க. தெர்மாமீட்டரை அறை நடுவில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வெச்சு, நேரம் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. 18 டிகிரிக்குக் கீழே போனால் பொதுச் சுகாதார ஆணையத்தின் வழிகாட்டுதல்படியே அது சுகாதாரப் பிரச்சினை. வீட்டுக்காரர் அசையலைன்னா கம்யூன் என்கிற உள்ளாட்சியின் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு எழுதுங்க. இந்த உரிமை தெரியாமலே புதுசா வர்றவங்க முதல் குளிர்காலம் முழுக்க நடுங்கிக் கழிக்கிறாங்க.

ஒஸ்லோ_அண்ணன்
பயப்படாதேங்கோ தம்பி. பாவிக்காத அறையளின்ர ரேடியேட்டரைப் பூட்டிப்போட்டு, பிள்ளை படுக்கிற அறையை மட்டும் சூடாக்குங்கோ. இரவில வெப்பத்தைக் குறைச்சு விட்டால் கரண்டும் மிச்சம். பிள்ளைக்கு உள்ளுக்குப் பருத்தி போடாமல் மெரினோ கம்பளி போடுங்கோ. பருத்தி வேர்வையை உறிஞ்சி ஈரமா நிக்கும், அதுதான் கூடக் குளிரும். முதல் பனிக்காலம் எல்லாருக்கும் உப்பிடித்தான், போகப்போகப் பழகிடும்.

ஆழ்துளை_வெஸ்தரோஸ்
அண்ணா, கம்பளி விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா அறையை மூடுறது சுவரில் மின்சார ஹீட்டர் மாட்டின வீட்டுக்குத்தான் பொருந்தும். இந்த மெஷின் மிதமான சூட்டுத் தண்ணியை நிறையச் சுத்தவிட்டுத்தான் வீட்டைக் காக்குது. ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டுகளை மூடினால் தண்ணி சூடு இறக்காமலே திரும்பும், கம்ப்ரஸரில் அழுத்தம் ஏறி அதுக்கே ஒரு அலாரம் அடிச்சு நின்னுடும். எல்லாத்தையும் முழுசாத் திறந்து வைங்க. இரவில் குறைக்கிறதும் வேண்டாம். காலையில் விட்டதைப் பிடிக்க உள்ளே இருக்கிற எல்பாட்ரோன் என்கிற மின்சார ஹீட்டர்தான் ஓடும், மிச்சமானது அதில் போயிடும்.

உப்சாலாக்காரரே, நீங்க முக்கியமானதைச் சொல்லலை. வாடகையா, சொந்தமா? அலாரம் என்ன சொல்லுது? ரேடியேட்டரா, தரைச்சூடா? மெனுவில் மொழியை ஆங்கிலத்துக்கு மாத்தலாம், முதலில் அதைச் செய்யுங்க. பிறகு கேபி இன், கேபி உட் என்று இரண்டு வெப்பநிலை இருக்கும், பூமியில் போட்ட ஆழ்துளையிலிருந்து வர்ற திரவமும் அங்கே திரும்பிப் போற திரவமும். அந்த இரண்டு எண்ணும் வேணும்.

அதுவரை குழந்தைக்காக: அலாரம் திரையில் பல மாடல்களில் உதவி ஓட்டம் என்று ஒரு தெரிவு வரும். அதை அழுத்தினால் எல்பாட்ரோன் வீட்டைச் சூடாக்கும். தனி ஹீட்டர் வைக்கிறதா இருந்தால் ஒரு ஃப்யூஸுக்கு ஒண்ணுதான். 10 ஆம்பியர் ஃப்யூஸ் தாங்குறது 2300 வாட், ஒரு ஹீட்டரே 2000 வாட் இருக்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே கூடாது.

சொந்தவீடு_நாக்கா
9 கிலோவாட் எல்பாட்ரோன் ஒரு நாள் முழுக்க ஓடினால் 216 யூனிட், அதையும் யோசிச்சுக்கோங்க. 2011இல் நாட்டை நாலு மின்விலை மண்டலமாப் பிரிச்சதிலிருந்து வடக்கே மலிவு, தெற்கே கொள்ளை விலை. குளிர் கடுமையாகிற அதே மணி நேரத்தில் விலையும் ஏறுது. ஒரு குடும்பம் எப்படிக் கணக்குப் போடும்?

மால்மோ_மணி
தெற்குக் கோடியில், நாலாவது மண்டலத்தில் இருக்கிற எங்களைக் கேளுங்க! வார இறுதியில் ஆளைக் கூப்பிட்டால் அவசரக் கட்டணம் தனி. வீடு வாங்கும்போது செய்யுற பெசிக்ட்னிங் ஆய்வில் ஹீட் பம்பைப் பொதுவா யாரும் பார்க்கிறதே இல்லை. மெஷினுக்கு எத்தனை வயசுன்னு கேட்காமலே கையெழுத்துப் போட்டுடுறோம்.

ஒஸ்லோ_அண்ணன்
நோர்வேயிலும் தெற்குப் பக்கம் இதே கதைதான். வடக்கில ஒரு விலை, இஞ்ச ஒரு விலை.

புதுசா_உப்சாலா
மன்னிச்சுக்கோங்க, சொந்த வீடுதான். ரேடியேட்டர். மொழியை மாத்திட்டேன், திரவம் வெளியேறும் வெப்பநிலை மிகக் குறைவுன்னு அலாரம். கேபி இன் 0.5, கேபி உட் மைனஸ் 8. உதவி ஓட்டம் போட்டாச்சு, ரேடியேட்டர் சூடாகுது.

ஆழ்துளை_வெஸ்தரோஸ்
நல்ல செய்தி. துளையிலிருந்து 0.5இல் வருதுன்னா இந்தக் குளிருக்கு அது ஆரோக்கியமான துளை. கோளாறு ஓட்டத்தில். வித்தியாசம் 2 முதல் 5 டிகிரிக்குள்ள இருக்கணும், உங்களுக்கு எட்டரை. திரவம் மெதுவாப் போறதால் மெஷின் ஒவ்வொரு சொட்டிலிருந்தும் அளவுக்கு மீறிச் சூட்டை உறிஞ்சுது. முதல் சந்தேகம் வடிகட்டி. (இரண்டு எண்ணும் சேர்ந்தே கீழே இருந்திருந்தால், உதாரணமா மைனஸ் 5, மைனஸ் 8 என்று, துளை ஆழம் போதலைன்னு அர்த்தம். அது பெரிய செலவு.)

மெஷினை சுவிட்சில் நிறுத்துங்க. கறுப்பு நுரை சுத்தின, வேர்த்துக்கிடக்கிற தடிமனான குழாய்கள்தான் துளைக்குப் போறது. அதில் கைப்பிடியோட வால்வும், பக்கவாட்டில் மூடியும் இருக்கும், வடிகட்டிச் சல்லடை அதுக்குள்ளதான். கைப்பிடியைக் கால் சுத்துத் திருப்பி மூடுங்க. கீழே வாளி, கையில் கையுறை. உள்ளே இருப்பது எத்தனால் கலந்த தண்ணி, தீப்பிடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வைங்க, மெழுகுவர்த்தி எதுவும் எரியக்கூடாது. மூடியைக் கழட்டினால் கொஞ்சம் சிந்தும். நிக்காமல் கொட்டினால் வால்வு சரியா மூடலை, உடனே மூடியைத் திரும்பப் போட்டுட்டுத் திங்கட்கிழமைக்குக் காத்திருங்க. வளைய கிளிப்பை இடுக்கியால் எடுத்து, சல்லடையை வெளியே இழுத்துக் குழாய்த் தண்ணியில் கழுவுங்க. துளை போட்டப்போ தங்கின பிளாஸ்டிக் சீவல், மண், சேறு எல்லாம் அதில்தான் சிக்கும். திரும்ப மாட்டி, வால்வை முழுசாத் திறந்து, மெஷினைப் போடுங்க.

மேலே பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் திரவம் மூணில் ரெண்டு பங்கு இருக்கணும். மூணில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருந்தால் அதே கலவையைத்தான் ஊத்தணும். வெறும் தண்ணி ஊத்தினால் கலவை நீர்த்து மெஷினுக்குள்ளேயே உறைஞ்சிடும்.

புதுசா_உப்சாலா
சல்லடை முழுக்கக் கறுப்புச் சேறு! கழுவி மாட்டியாச்சு. இப்போ 1.0, மைனஸ் 3. அலாரம் போயிடுச்சு. ஆனா வீடு இன்னும் 17தான். மெனுவில் வெப்பக் கோடுன்னு ஒண்ணு இருக்கே, வெளிக்குளிருக்கு ஏத்தபடி ரேடியேட்டர் தண்ணிச் சூட்டைத் தீர்மானிக்கிறது, அதை ஏத்தட்டுமா?

ஆழ்துளை_வெஸ்தரோஸ்
வேண்டாம். சுவரே குளிர்ந்து போயிருக்கு, ஒரு நாள் முழுசா விடுங்க. நாளைக்கும் 20 வரலைன்னா அப்போ பார்க்கலாம். எந்த வானிலையிலும் வீட்டுச் சூடு ஒரே அளவு குறைஞ்சா நகர்வை (முழுக் கோட்டையும் மேலே தூக்குறது) ஒரு படி ஏத்துங்க, மைனஸில் மட்டும் குறைஞ்சா கோட்டின் சாய்வை. இரண்டையும் ஒரே நாளில் தொடாதீங்க.

திங்கட்கிழமை ஆளை வரச் சொல்லுங்க, ரத்து செய்யாதீங்க. ரேடியேட்டர் தண்ணி ஓடுற குழாயில் இருக்கிற வடிகட்டியையும், திரவத்தின் உறைநிலையையும், தொட்டியில் அளவு குறைஞ்சிருந்தால் கசிவையும் பார்க்கச் சொல்லுங்க. கறுப்புச் சேறு எங்கிருந்து வருதுன்னும் கேளுங்க. சல்லடையை அடுத்த வாரம் இன்னொரு தடவை கழுவுங்க, முதல் தடவைக்கப்புறம் மிச்ச மண்ணும் வந்து சேரும். துளையின் ஆழம் தெரியலைன்னா எஸ்ஜியு என்கிற ஸ்வீடன் நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கிணற்று ஆவணத்தில் உங்க முகவரியைத் தேடுங்க. துளை போடுறவங்க அங்கே பதிவு செய்யணும்னு 1976 முதல் சட்டம் இருக்கு.